கதவு எண்ணுக்குக் கீழே இரண்டு கோடு

"இது உன் கையெழுத்துதான், நீ சும்மா—"

"என் கையெழுத்து எனக்குத் தெரியாதா, நான் எதுக்குடி எனக்கே—"

"சிவப்புப் பென்சில். கதவு எண்ணுக்குக் கீழே ரெண்டு கோடு. உன்னை விட்டா வேற யாரும்மா அப்படிப் போடுறா?"

"ஆபீஸ்ல யாராவது விளையாடுவாங்க."

"அஞ்சு ஞாயித்துக்கிழமையாவா? ஞாயித்துக்கிழமை தபாலே கிடையாது. அது உனக்கு நான் சொல்லணுமா?"

நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்கள் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கட்டும். இதில் ஒரு சொல்கூட ஜோடனை கிடையாது. பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை. இது வந்தது பட்டப்பகலில். மாடிப்படியில் சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தபோது. மணி மூன்று பத்துக்கு.

சண்டை போட்டவர்கள் தாயும் மகளும். வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். அம்மாவுக்குத் தபால் ஆபீசில் வேலை. அரைகுறை விலாசத்தோடு வரும் கடிதமெல்லாம் அவள் மேசைக்கு வரும். வீடு மாறியவர்கள், தெருப்பெயர் தப்பானவர்கள், வெறும் பெயர் மட்டும் உள்ளவர்கள், எல்லாரையும் கண்டுபிடித்துவிடுவாள். என்றைக்கோ கைமாறிய மருந்துப் பார்சல், பழைய சந்தா உறை, எதையாவது நினைவில் வைத்திருந்து புது விலாசத்தைச் சிவப்புப் பென்சிலால் எழுதி, கதவு எண்ணுக்குக் கீழே இரண்டு கோடு இழுப்பாள். ஆபீசில் அவள் பட்டப்பெயரே 'மோப்பம்'தான். பத்தொன்பது வருஷத்தில் அவள் மேசையிலிருந்து ஒரு கடிதம்கூட ஆள் இல்லை என்று திரும்பிப் போனதில்லை. அதில் அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை. ஓய்வுபெற இன்னும் இரண்டே மாதம்.

முதல் ஞாயிறு வாசல் மிதியடியில் ஓர் உறை கிடந்தது. 'மோப்பம் அக்காவுக்கு' என்று நீல மையில் சாய்ந்த எழுத்து. கீழே சிவப்பில் ஊர்ப்பெயர் மட்டும். உள்ளே ஒன்றுமே இல்லை. ஆபீஸ் குறும்பு என்று அம்மா சிரித்தாள். வெறும் ஊர்ப்பெயரோடு ஓர் உறை எப்படி இந்த வாசலுக்கு வந்தது என்று யோசிக்கவில்லை. அவள்தான் முதலில் யோசித்திருக்க வேண்டும்.

இரண்டாவது ஞாயிறு, தெருப்பெயரும் சேர்ந்திருந்தது. மூன்றாவதில் கட்டடம். நாலாவதில், மூன்றாம் மாடி.

இன்றைக்குக் கதவு எண். இரண்டு கோட்டோடு.

"அஞ்சும் வெறும் உறைதானே, கிழிச்சுப் போடு" என்றாள் அம்மா.

"இன்னிக்கு வெறும் உறை இல்லம்மா. மேல ஒப்புதல் அட்டை குத்தியிருந்துச்சு. நீ குளிச்சிட்டிருந்தே."

ஒப்புதல் அட்டை என்பது ரெஜிஸ்டர் தபாலோடு வருவது. வாங்கினவர் கையெழுத்துப் போட்டால், கடிதம் சேர்ந்துவிட்டது என்பதற்குச் சாட்சியாக அனுப்பினவருக்கே அது திரும்பிப் போகும்.

அம்மாவின் முகம் மாறியது. "கையெழுத்துப் போட்டியா?"

"பெல் அடிச்சுது. திறந்தா யாரும் இல்லை. ஞாயித்துக்கிழமைங்கிறதே அப்போ தோணலை. தபால்காரர் கீழ் வீட்டுக்குப் போயிருப்பார்னு நினைச்சுப் போட்டு வெச்சேன். பேனாவை உள்ளே வெச்சிட்டுத் திரும்பறதுக்குள்ள அட்டையைக் காணோம்."

"கூறு கெட்டவளே. யார் அனுப்பினதுன்னு பார்க்காம..."

"நானும் உன் மக தானே."

மகள் மடிக்கணினியை இழுத்து வைத்தாள். அவளுக்கு இன்டர்நெட் கம்பெனியில் புகார் கேட்கும் வேலை.

"இன்னொண்ணும் இருக்கு. சொன்னா பயப்படுவேன்னு சொல்லலை. நம்ம லைனைத் தொடுற ஒவ்வொண்ணுக்கும் ரூட்டர் ஒரு நம்பர் கொடுக்கும். அதுதான் அதுக்கு விலாசம். உன் போன், என் போன், இந்த மடிக்கணினி, டிவி. மொத்தம் நாலு. சரியா? ஒவ்வொரு ஞாயிறும் மூணு பத்துக்கு அஞ்சாவதா ஒண்ணு நம்பர் வாங்குது. பேர் கிடையாது. நாலு நிமிஷம் இருந்துட்டுப் போயிடுது."

"பக்கத்து வீட்டு ஆளா இருக்கும்."

"பாஸ்வேர்டு நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும். முதல் வாரம் சிக்னல் ஒரே கோடு. தெருவுல நின்னா அப்படி இருக்கும். போன வாரம் மூணு கோடு. இன்னிக்கு முழுசா இருக்கும்மா... ரூட்டர் என் ரூம்ல இருக்கு."

இரண்டு பேரும் வலப்பக்கம் இருந்த அந்த அறைக் கதவைப் பார்த்தார்கள். திறந்துதான் இருந்தது. கட்டில், மேசை, வெயில்.

"அம்மா. யாரோட விலாசத்தையாவது யாருக்காவது கொடுத்தியா?"

"என் வேலையே அதுதானேடி."

"கொடுக்கக் கூடாததை?"

அம்மா புடவைத் தலைப்பைச் சுருட்டினாள், பிரித்தாள்.

"ஏழு மாசம் முன்னாடி ஒரு பொண்ணு வந்தா. உன் வயசுதான் இருக்கும். கழுத்தைச் சுத்தித் துணி. தொண்டையில என்ன காயமோ, குரலு கரகரன்னு இருந்துச்சு. விலாசத்தை யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு மஞ்சள் படிவம் கொடுத்தா. கவுன்டர்காரர் இல்லை, நான் வாங்கினேன். 'விலாசம் சரியா இருக்கா அக்கா'ன்னு மூணு தடவை கேட்டா. கதவு எண்ணைத் தப்பா எழுதியிருந்தா. நான்தான் திருத்தினேன்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒருநாள் அவ பழைய வீட்டுக்குப் போன ரெஜிஸ்டர் தபால் என் மேசைக்கு வந்துச்சு. எனக்குத்தான் புது வீடு தெரியுமே. எழுதினேன்."

"உறைமேலதானே? அனுப்பினவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அம்மா கையிலிருந்த உறையைத் திருப்பிப் போட்டாள்.

"அம்மா."

"அட்டையில பழைய விலாசமே இருந்துச்சு. அடிச்சிட்டுப் புதுசை எழுதினேன். அரைகுறையா விட எனக்குக் கை வரலைடி."

"அவளுக்கு என்ன ஆச்சு?"

"எனக்கென்ன தெரியும்? கடிதம் போய்ச் சேர்ந்துச்சு."

மறுநாள் திங்கள். மகளுக்கு வார விடுமுறை, வீட்டில் இருந்தாள். அம்மா ஆபீசில் பாதி நாள் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். இரண்டே முக்காலுக்குக் கவுன்டர்காரரிடம் போனாள். பொதுவாக விசாரிப்பதுபோல்தான் ஆரம்பித்தாள்.

"அந்த மஞ்சள் படிவம் கொடுத்த பொண்ணு, கரகரத் தொண்டை..."

அவர் பிஸ்கட்டைக் கீழே வைத்தார். "உங்களுக்கு யாரு சொன்னா? ரிட்டயர் ஆகிற நேரத்துல வேண்டாம்னு அதிகாரி சொல்லியிருந்தாரே."

"எதைச் சொல்ல வேண்டாம்னு?"

"நீங்க லீவுல இருந்தப்ப போலீஸ் வந்துச்சு. புருஷன்காரன்தான் கொன்னுட்டான். அவ வீட்டு வாசல்லேயே. அட்டை அவன் சட்டைப்பையில இருந்துச்சாம். உங்க எழுத்தை அந்தப் போலீஸ்காரர் என்னமா மெச்சினார். வழி கேட்காமலே போய்ச் சேரலாமாம், அவ்வளவு தெளிவு."

"எப்ப?"

"ஆறு வாரம் ஆச்சு. ஞாயித்துக்கிழமை. மத்தியானம் மூணு பத்துன்னு போட்டிருந்துச்சு."

அவர் மறுபடி பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார்.

அம்மா மேசைக்குத் திரும்பினாள். மணி மூன்று ஏழு.

காலியாக இருந்த தட்டில் ஓர் அட்டை கிடந்தது.

ஒப்புதல் அட்டை. மகளின் கையெழுத்து. பெற்றவர் விலாசம் சிவப்பில். ஊர், தெரு, கட்டடம், மாடி, கதவு எண்... அதற்கும் கீழே ஒரு வரி. 'வலப்பக்க அறை.' அதன் கீழ் இரண்டு கோடு.

அனுப்பினவர் இடத்தில் நீல மை. அந்தப் பெண்ணின் பெயர். அம்மா திருத்திக் கொடுத்த அதே கதவு எண்.

முத்திரைத் தேதி இன்றைக்கு. மணி மூன்று பத்து.

கடிகாரத்தில் மூன்று எட்டு.

மகளுக்குப் போன் போட்டாள். நாலு தடவை மணி அடித்த பிறகுதான் மகள் எடுத்தாள்.

"எங்கேடி இருக்கே?"

"என் ரூம்லதான். ஏம்மா மூச்சு வாங்குறே?"

"வெளியே வா. வீட்டை விட்டே வெளியே வா."

"இரு, ரூம் கதவைத் தட்டுறாங்க. நீ வந்துட்டியா?"

மூன்று ஒன்பது.

"நான் ஆபீஸ்ல இருக்கேன்."

"..."

"திறக்காதே. கேக்குதா? திறக்காதேடி."

தாழ்ப்பாள் இழுபடும் சத்தம்.

போன் தரையில் விழும் சத்தம்.

அப்புறம் ஒன்றுமில்லை.

மூன்று பத்து.

யாரோ போனைக் கையில் எடுத்தார்கள். மூச்சு. தொண்டையைச் செருமினாள். கரகரவென்று, மரியாதையாக, அன்றைக்குக் கவுன்டரில் நின்று கேட்ட மாதிரியே கேட்டாள்.

"விலாசம் சரியாத்தானே இருக்கு அக்கா?"