கழுத்தில் தொங்கிய டேக்

பாலக்காட்டில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆசிரியையாக இருக்கிறேன். மாணவர்களைப் பயிற்சிக்காக மூணாறில் ஒரு தேயிலை ஃபேக்டரிக்கு அழைத்துப் போயிருந்தேன். கழுத்தில் ஐடி டேக் இல்லாமல் எங்கும் நிற்கக் கூடாது என்பது எங்கள் கல்லூரிச் சட்டம். பஸ்ஸிலேயே ஒவ்வொரு கழுத்தாகப் பார்த்துத்தான் இறக்கினேன்.

கொழுந்து அரைக்கும் மெஷினைக் குனிந்து பார்த்தாள் வடகரப்பதி ஊரிலிருந்து வரும் மாணவி திவ்யா. தொங்கிய கார்டை உருளை கவ்விக்கொண்டது.

"மேடம், இழுக்குதுங்க!"

அவள் முகம் உருளையை நெருங்கியபோது, டேக்கின் மட்டமான பிளாஸ்டிக் கொக்கி படக்கென்று உடைந்தது. பிழைத்தாள்.

இப்போதெல்லாம் மெஷின் பக்கம் போகுமுன் எல்லா டேக்கையும் கழற்றி என் பையில் போட்டுக்கொள்கிறேன். ஒர்க்‌ஷாப்பில் ஒருநாள் மாணவர்களின் வெறும் கழுத்தைப் பார்த்த பிரின்சிபால், "டேக் எங்கே மேடம்?" என்று அதட்டினார்.

"பையில இருக்குங்க சார். கழுத்து எல்லாம் இருக்கற இடத்துலயே இருக்குங்க" என்றேன்.