பூஜை அலமாரியில் நரி மண்

சங்கரன்கோவிலில் ஒரு வீட்டுக்குள் கவரில் கட்டிய மண் இருந்தால் அது புற்றுமண்தான். கோயிலிலிருந்து வாங்கி வருவோம். வயிற்றுவலிக்கு ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொள்வோம், தேமலுக்குக் குழைத்துப் பூசுவோம். எங்கள் வீட்டில் பரீட்சைக்கும் அதுதான். அதனால் சாப்பாட்டு மேசையில் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு மண் கவரை அம்மா பயபக்தியோடு எடுத்துப் பூஜை அலமாரியில் வைத்ததில் குற்றம் சொல்ல முடியாது. நான் அப்போது ஆறாம் வகுப்பு. முழுப்பரீட்சையின் கடைசி மூன்று நாளும் அதிலிருந்து ஒரு சிட்டிகை தின்றுவிட்டுப் போனேன்.

அது சித்தியின் மண். கால்நடை மருத்துவம் படித்த சித்தி, ஊரார் கேட்டால் அம்மா சொல்லவே கூச்சப்படுகிற ஓர் ஆராய்ச்சியில் இருந்தாள்: காட்டு விலங்குகளின் வயிற்றுப் புழுக்கள். எங்கள் வீட்டில் தங்கிக்கொண்டு, குருவிகுளம் பக்கத்து மானாவாரிக் காடுகளில் குள்ளநரி எச்சம் தேடி அலைந்தாள். அவள் பெட்டியில் இரண்டு பாட்டில்கள். ஒன்றில் காட்டுப்பன்றி வயிற்றிலிருந்து எடுத்த, சாண் நீளப் புழு. மற்றதில் நரியின் குடலில் இருந்தது, நொய்யரிசி அளவுதான். இதற்குப் போயா இவ்வளவு படிப்பு என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

பரீட்சை முடிந்த மறுநாள் சித்தி வீட்டையே புரட்டினாள்.

"ஏட்டி, இங்கன ஒரு கவர் வச்சிருந்தேனே, நரி எச்சத்துக்கு அடியில சுரண்டின மண்ணு. பாத்தியா?"

பூஜை அலமாரியில் இருப்பது அதுதான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. வயிறு லேசாக இரைந்தால் போதும், பாட்டிலில் பார்த்த நீளப் புழு உள்ளே நெளிவதாக எனக்கு உயிரே போகும். செத்துவிடுவேன் என்று நிச்சயமாக நம்பினேன். அதைவிட, அது ஆட்கள் முன்னால் என் வாய் வழியாக எட்டிப் பார்த்துவிடுமோ என்றுதான் அதிகம் பயந்தேன்.

மறுநாள் தாங்கமுடியாமல் சித்தியிடம் போய் அழுதேன். அவள் ஏசவில்லை. அலமாரியைத் திறந்து கவரைப் பார்த்தாள்.

"எவ்வளவு தின்ன?"

"ஒரு சிட்டிகை சித்தி. மூணு நாளு."

கட்டிலில் உட்கார்ந்து கவரின் வாயை இறுக முடிச்சுப் போட்டாள். பிறகு என் தலையைத் தடவி, "ஒண்ணும் ஆவாது மக்கா. மாத்திரை போட்டா செத்துரும். அம்மாட்ட மட்டும் சொல்லாத, அவ தாங்கமாட்டா" என்றாள்.

மாத்திரை போட்டேன். நீளப் புழு எட்டிப் பார்க்கவில்லை. ஒரு வாரத்தில் பயம் இருந்த இடம் தெரியவில்லை.

அதன்பின் வருஷம் தவறாமல், சட்டை எடுக்கப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டுச் சித்தி என்னைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போவாள். முதலில் ஓர் ஆஸ்பத்திரி. "சும்மா பாத்துருவோம்" என்பாள். வயிற்றில் ஜில்லென்று எதையோ தடவி ஸ்கேன் எடுப்பார்கள்; கூச்சத்தில் நான் சிரிப்பேன். சித்தி என் பக்கமே திரும்பமாட்டாள், டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் ஒன்றுமில்லை என்றதும் வெளியே போய் முகம் கழுவிவிட்டு வருவாள். அப்புறம் அல்வா.

கல்லூரிக்குப் போன பிறகுதான் சித்தியின் ஆராய்ச்சிப் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். அந்த நொய்யரிசிப் புழுவின் முட்டை மனிதர் வயிற்றுக்குள் போனால், ஈரலில் கட்டியாகி, வலியே தெரியாமல் பல வருஷம் வளரக்கூடும் என்று எழுதியிருந்தாள். ஒரு மாத்திரையில் தீருகிற காரியமில்லை. அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. நானோ, அத்தனை வருஷமும் அல்வாவுக்குத்தான் போகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.