தைமினைச் சுவரோரம் நிறுத்திய பாடம்

பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் நடத்துகிறேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், பள்ளிக்கூடம் ராஜபாளையத்தில். எனக்கு முன்கோபம் அதிகம் என்பதைப் பிள்ளைகளிடம் கேட்டால் சொல்வார்கள், கேட்காவிட்டாலும் சொல்வார்கள்.

டி.என்.ஏ.வில் இருக்கும் செய்தி தூது ஆர்.என்.ஏ.வாக நகலாவதைக் கரும்பலகையில் நடத்தி நடத்தி எனக்கே அலுத்துவிட்டது. இந்த வருஷம் பிள்ளைகளையே நிற்கவைத்துக் காட்டலாம் என்று நினைத்தேன். பழைய காலண்டர் அட்டைகளில் அடினைன், தைமின் என்று காரங்களின் பெயர்களை எழுதி, பாண்டேஜ் துணியைக் கிழித்துக் கட்டி, கழுத்தில் மாட்டிவிட்டேன். எங்கள் பக்கம் தறிகளில் நெய்வதே அதுதான், பாண்டேஜ் துணிக்குப் பஞ்சமில்லை.

இரண்டு வரிசை எதிரெதிரே நிற்கவேண்டும். அடினைன் தைமினின் கையைப் பிடிக்கும், குவானைன் சைட்டோசினின் கையைப் பிடிக்கும். அதுதான் டி.என்.ஏ.

சேத்தூரிலிருந்து ஒரே பஸ்ஸில் வரும் இரண்டு பெண்கள் வகுப்பில் உண்டு. சின்ன வகுப்பிலிருந்தே ஒரே பெஞ்ச். ஒருத்தியின் சாப்பாட்டு டப்பாவை இன்னொருத்திதான் திறப்பாள். ஒருத்திக்கு அடினைன் அட்டையும் மற்றவளுக்குத் தைமின் அட்டையும் கொடுத்தேன். கையைக் கோத்துக்கொண்டு சிரித்தபடி நின்றார்கள்.

வருஷ நடுவில் வந்து சேர்ந்த போலீஸ்காரர் மகள் ஒருத்தி யாரோடும் ஒட்டாமல் தனியே உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு யுராசில் அட்டை. அவளுக்கு ஒரு துணை கிடைக்கட்டும் என்றுதான் அப்படிச் செய்தேன் என்பது பாதி உண்மை. சேத்தூர்ப் பிள்ளைகள் இருவரும் என் வகுப்பில் ஓயாமல் பேசுவார்கள். கொஞ்ச நேரம் பிரித்துவைத்துப் பார்ப்போமே என்ற எண்ணமும் எனக்குள் இருந்தது.

நகலெடுக்கும்போது ஓர் இடத்தில் கைகள் பிரியும். ஒரு வரிசை அச்சாக அப்படியே நிற்கும், மற்றது விலகும். நிற்கும் வரிசைக்கு எதிரே புது ஆட்கள் வந்து சேர்வதுதான் ஆர்.என்.ஏ. குவானைனுக்கு எதிரே சைட்டோசின், சைட்டோசினுக்கு எதிரே குவானைன், தைமினுக்கு எதிரே அடினைன். அடினைனுக்கு எதிரே மட்டும் தைமின் வராது. ஆர்.என்.ஏ.வில் தைமினே கிடையாது, அந்த இடத்துக்கு யுராசில் வரும்.

போலீஸ்காரர் மகள் வந்து அடினைன் பிள்ளையின் எதிரே நின்றாள். விலகவேண்டியவள் நகராமல் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"ஏட்டி தைமின், ஒனக்கு இனி இங்க சோலி இல்ல. போயி சொவத்தோரமா நில்லு" என்றேன். வகுப்பே சிரித்தது. என் நையாண்டிக்கு வகுப்பு சிரித்தால் எனக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

"டீச்சர், நிக்கிற வரிசையிலயும் ஒரு தைமின் இருக்கால்ல? அவளுக்கு எதுக்க அடினைன் வரணும். அப்ப தைமினுக்குச் சோலி இல்லன்னு எப்படிச் சொல்லுதீக?"

தைமின் பிள்ளை கேட்டது சரி. நான் சொன்னதுதான் தப்பு. "வாயாடாத, போ" என்றேன். போய் நின்றாள்.

நகல் முடிந்ததும் ஆர்.என்.ஏ. வரிசை கழன்று போய்விடும். விலகியவர்கள் திரும்பிவந்து பழைய ஜோடியோடு கைகோத்துக்கொள்வார்கள். அதையும் செய்துகாட்டியிருக்கவேண்டும். அதற்குள் மணி அடித்துவிட்டது. பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் அட்டைகளை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். கடைசி அட்டையைச் சுவரோரம் போய்த்தான் வாங்கினேன்.

மறுநாளிலிருந்து வகுப்பில் அவள் பெயரே 'சோலி இல்லாத தைமின்' என்றாகிவிட்டது. அடினைன் பிள்ளையும் ஒருமுறை அதைச் சொல்லிச் சிரித்துவிட்டாளாம். இவளால் அதைத் தாங்க முடியவில்லை. கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். காலையில் நான் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது சேத்தூர் பஸ்ஸில் ஒருத்தி மட்டும் இறங்குவாள். மற்றவள் அடுத்த பஸ்ஸில் வருவாள். அதைப் பார்க்கும் ஒவ்வொரு காலையும் எனக்கு உறுத்தியது. ஒரு பெரிய சிநேகிதத்தை வாய்க்கொழுப்பால் முறித்துவிட்டேன்.

அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பாடத்தை மறுபடி நடத்தி, இருவர் கையையும் சேர்த்துவைத்துவிட்டால் போதும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அட்டைகளை எடுத்துக்கொண்டு போய், அடினைனைப் பழையவளுக்கே கொடுத்துவிட்டு, தைமின் அட்டையை இவளிடம் நீட்டினேன்.

"எனக்குக் குவானைன் குடுங்க டீச்சர்."

"ஏன், தைமினுக்கு என்ன?"

"குவானைனுக்கு டி.என்.ஏ.ன்னாலும் ஆர்.என்.ஏ.ன்னாலும் சைட்டோசின்தான டீச்சர். வேற ஆளு வர மாட்டாகல்ல."

கோபமாகச் சொல்லவில்லை, பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. குவானைன் அட்டையை நானே அவள் கழுத்தில் மாட்டினேன். அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

தைமின் அட்டையை வேறொரு பெண் வாங்கிக்கொண்டாள். கைகள் பிரிந்தன, யுராசில் வந்து போனாள், வரிசைகள் சேர்ந்துகொண்டன. மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. அடினைன் பிள்ளை அந்த வேறொரு பெண்ணின் கையைப் பிடித்தபடி, தன் சிநேகிதியைப் பார்க்காமல், கண் கலங்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.