எங்கள் வீட்டு அரிசியும் அந்தப் பையில்தான் இருந்தது

நான் தருவைகுளத்துக்காரி. கணவர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். மகள் ஜெனிட்டா தூத்துக்குடியில் ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அங்கே சேவைக் குழுவிலும் இருக்கிறாள்.

ஜூனில் பள்ளி திறந்தபோது மீன்பிடித் தடைக்காலம் முடியவில்லை. படகுகள் கரையில் கிடந்தன. மீனவக் குடும்பங்களுக்குக் கொடுக்கச் சேவைக் குழுப் பிள்ளைகள் அரிசி சேர்த்தார்கள். ஜெனிட்டா கேட்டதும் நானும் ஒரு படி அளந்து கொடுத்தேன். தொழில் இல்லாவிட்டாலும் இல்லையென்று சொல்ல மனம் வரவில்லை.

சனிக்கிழமை எங்கள் ஊர்க் கோயில் முற்றத்தில் வைத்துக் கொடுத்தார்கள். பைகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த என் மகளிடம் பொறுப்பாசிரியை, "நீயும் இந்த ஊர்தான? அந்தப் பக்கம் போய் நின்னு வாங்கு. ஸ்கூல் பிள்ளை வாங்குனா போட்டோ நல்லா வரும்" என்றிருக்கிறார். இவளும் போய் நின்று வாங்கியிருக்கிறாள். பையைக் கொடுத்தவள் இவளோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறவள். சாயங்காலமே படம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது.

திங்கட்கிழமை ஜெனிட்டா பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று படுத்துக்கொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பையோடு நேரே பள்ளிக்குப் போனேன்.

"நல்ல எண்ணத்துலதான் செஞ்சோம்மா" என்றார் ஆசிரியை.

"அப்ப ஒங்க வீட்டு அரிசிப் பானையையும் போட்டோ எடுத்து குரூப்புல போடுங்க டீச்சர். நாங்களும் பாக்கோம்" என்றேன். அங்கேயே படத்தை அழித்தார்.

இப்போதும் அரிசி கேட்டால் கொடுக்கிறேன். ஆனால் எங்கள் தெருவுக்கு உதவி என்று யார் வந்தாலும் முன்னால் போய் நின்றுகொள்கிறேன். வந்தவர்கள் கையிலிருக்கும் போன் உள்ளே போனால்தான் அரிசிப் பை வெளியே வரலாம்.