மேனுவல் மதியழகனும் இரண்டு காதுகளும்

"கேமராவ யோசிக்க விட்டா நமக்கு எதுக்குலே மூளை? ஆட்டோவுக்குத் திருப்புற அன்னைக்கு இந்தத் தொழிலையே விட்டுர்றேன்!"

திண்டுக்கல் டீக்கடையொன்றில், சக புகைப்படக்காரர்கள் முன்னிலையில் மதியழகன் செய்த பிரகடனம் இது. காரணமும் சொன்னார்: ஒளியைத் தானே கணக்குப் போடும் ஆட்டோவில் விட்டால் கேமரா வெள்ளை வேட்டியைப் பார்த்து மிரண்டு, மாப்பிள்ளை முகத்தைக் கரியாக்கிவிடும்.

அன்றுமுதல் அவருடைய சிந்தனையே, எல்லாவற்றையும் கையால் திருப்பி வைக்கும் மேனுவல்தான். வெயிலை அண்ணாந்து பார்த்தே கேமராவில் வைக்க வேண்டிய எண்ணைச் சொல்வார். வீட்டுக் குழம்பை "ரெண்டு ஸ்டாப் இருட்டு" என்று கேமரா கணக்கில் குறை சொல்லி, அதற்காகத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் கிடைக்காமல் சாப்பிட்டிருக்கிறார். கேமரா வட்டத்தைத் திருப்பி முடிப்பதற்குள் முடிச்சு விழுந்துவிட, "இன்னொருக்கா கட்டுங்க தம்பி" என்று தாலி கட்டிய மாப்பிள்ளையிடமே கேட்ட மகான்.

தங்கை பானுப்ரியாவின் ஒரே மகளுக்குச் சித்தையன்கோட்டையில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமன் இவர். வெளியாள் கேமரா கூடாதென்று தடுத்தவரும் இவரே.

"காது குத்துற போட்டோ மட்டும் விழலேன்னா, என் வாசப்படி மிதிக்காதண்ணே" என்றாள் பானுப்ரியா.

மதியழகன் அசரவில்லை. வெயிலில் பெஞ்சைப் போட்டு, ஒளியை அளந்து, எல்லா எண்களையும் வைத்து, கேமராவைத் தங்கை கணவர் முகேஷ்குமாரிடம் கொடுத்தார். குழந்தையோடு உட்கார்ந்ததும் கூட்டத்தில் ஒரு குரல்: "கிழக்கப் பாத்து உக்காருங்கப்பா!"

பெஞ்ச், மாமன், மொட்டைத்தலைக் குழந்தை எல்லாம் பந்தல் நிழலுக்குள் திரும்பின. எண்கள் மட்டும் வெயிலிலேயே நின்றன.

"மாப்ள, ஷட்டரக் குறை! வட்டத்த எடப்பக்கம்!"

"எந்த வட்டம் மச்சான்? இதுல நாலு இருக்கே!"

அதற்குள் ஆசாரி ஒரு காதைக் குத்திவிட்டார். குழந்தை வீறிட்டது. கேமரா திரையில் கும்மிருட்டு.

பானுப்ரியா அண்ணனை ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான்.

"ஆசாரி, செத்த இருங்க" என்றார் மதியழகன். கேமராவை வாங்கித் தோள்துண்டுக்குள் விட்டு, எதையோ ஒருமுறை திருப்பினார்.

"இந்தா. சும்மா அமுக்கு மாப்ள."

"வட்டம்?"

"ஒண்ணையும் தொடாத. அதுவே பாத்துக்கும்."

இரண்டாவது காதில் ஊசி இறங்கியது. படத்தில் காது, ஊசி, குழந்தையின் திறந்த வாய், அதைவிடப் பெரிதாகத் திறந்த மாமன் வாய் எல்லாம் பளிச். பானுப்ரியா சிரித்துவிட்டாள்.

"மச்சான், பழையபடி திருப்பிரவா?"

மதியழகன் சுற்றும்முற்றும் பார்த்தார்.

"இருக்கட்டும் மாப்ள. பந்தி முடியட்டும்."