கயிற்றின் முனையைப் பார்த்தவர்கள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். என் படிப்பு எட்டாவதோடு நின்றுபோனது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இதில் வருகிறவர்கள் இன்றும் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் என் கண் முன்னால் நடமாடுகிறார்கள். ஒருவர் மனம்விட்டுச் சொன்னது நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதைப் பற்றி அல்லாஹ் கேட்பான் என்ற பயம் எனக்கு உண்டு. போன ரமலானில் அவர்களைத் தனித்தனியாகப் போய்க் கேட்டேன். பேரை மட்டும் மாற்றிவிட்டு எழுதச் சொன்னார்கள். மாற்றிவிட்டேன். வேறு எதையும் மாற்றவில்லை.

நான் முத்தியால்பேட்டைக்காரன். விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். துறைமுகத்தில் விசைப்படகைப் போட்டு என்றுதான் சொல்வோம். நாசில், கியர் பாக்ஸ் சங்கதியெல்லாம் புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் யாரிடமும் கற்றுக்கொள்ளலாம். நான் சொல்லப் போவது அது இல்லை. மனுஷர்களில் ஹீரோ, வில்லன் என்று இரண்டு ஜாதி உண்டா என்பதைப் பற்றி.

1. இழுவை

நடுக்கடலில் ஒரு போட்டின் இன்ஜின் நின்றுவிட்டால், பக்கத்தில் இருக்கிற போட்டு கயிறு கட்டி இழுத்து வர வேண்டும். ஆகாதவன் போட்டாக இருந்தாலும் அப்படித்தான். அதில் ஒரு வழக்கம். இழுக்கிற போட்டின் பின்பக்கம், கயிற்றை ஒட்டி ஓர் ஆள் கத்தியோடு உட்கார்ந்திருப்பான். பின்னால் வருகிற போட்டு முழுகினால் இதையும் சேர்த்து உள்ளே இழுத்துவிடும். அப்படி வந்தால் கயிற்றை அறுக்கிற உரிமை அவனுக்கு மட்டும்தான். இழுபடுகிற போட்டில் யாரும் கயிற்றின் மேல் கத்தி வைப்பதில்லை. அவர்களுக்கு அந்தக் கயிறுதான் உயிர்.

ஒரு மழைக்காலத்தில் கலியமூர்த்தி ஓட்டிய போட்டு இன்ஜின் நின்றுபோனது. ஏழுமலை தன் போட்டில் கட்டி இழுத்து வந்தார். இரண்டு பேரும் டிரைவர்கள், போட்டுகள் முதலாளிகளுடையவை. சாயங்காலம் காற்று திரும்பி மழை கொட்டியது. முன்னால் போகிறவனுக்குப் பின்னால் வருகிறவன் தெரியவில்லை. கரைக்கு வந்தது ஏழுமலையின் போட்டு மட்டும். பின்னால் கயிறு தண்ணீரில் இழுபட்டுக்கொண்டு வந்தது. கயிறு தானாக அறுந்தால் முனை துடைப்பம் மாதிரி பிரிந்திருக்கும். இது கத்தியால் வெட்டினது போலச் சீராக இருந்தது.

யாரோ அந்த முனையைச் செல்போனில் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டார்கள். ஏழுமலையின் ஆட்கள், நாங்கள் அறுக்கவில்லை என்று சத்தியம் செய்தார்கள். யாரும் நம்பவில்லை. கொஞ்ச நாளில் அவர்களே ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டு வேறு போட்டுகளுக்குப் போய்விட்டார்கள்.

விடிந்ததும் தேடப் போன போட்டுகள் கலியமூர்த்தியையும் அவருடைய ஆட்களையும் கொண்டு வந்தன. போட்டு போய்விட்டது. ஐஸ் பெட்டிகளைப் பிடித்துக்கொண்டு மிதந்திருக்கிறார்கள். கால் எலும்பு முறிந்த சேகர் என்கிற ஆளை விடியும்வரை கலியமூர்த்தி தன் தோளில் தாங்கியிருக்கிறார். சேகரைக் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், ஒரு உயிரும் போகவில்லை.

அந்த வாரமே துறைமுக வாசலில் ஃபிளெக்ஸ் ஏறியது. கலியமூர்த்தி கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு நிற்கிறார், பின்னால் அலை பொங்குகிறது, மேலே "கடல் சிங்கம்" என்று பெரிய எழுத்து. அதற்கு எதிரில் இருந்த கடையில் ஏழுமலை டீ குடிக்கப் போனார். ஒருத்தன், "ண்ணா, கத்தி இருந்தா குடேன், இந்த பன்ன அறுக்கணும்" என்றான். கடையே சிரித்தது. அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டார்.

2. தடைக்காலத்தில் கேட்டது

மீன்பிடித் தடைக்காலம்தான் எங்களுக்கு வேலை நேரம். எல்லாப் போட்டிலும் இன்ஜினை இறக்கிப் பார்ப்போம். அதற்குள் ஏழுமலைக்கு நிலைமை மோசமாகிவிட்டது. வெளியூர் ஆட்களை வைத்து அரைகுறையாக ஓட்டியிருந்தார். அவர்களும் கதை தெரிந்து நின்றுவிட்டார்கள். தடை முடிகிற அன்று ஆள் சேர்த்துக்கொண்டு வா, இல்லாவிட்டால் சாவியைக் கொடுத்துவிடு என்று முதலாளி சொல்லிவிட்டார். போட்டு போனால் ஏழுமலைக்கு வேறு பிழைப்பு இல்லை.

அவர் போட்டு இன்ஜினை நான் கழற்றும்போது, யார்தான் அறுத்தது என்று அவரிடம் கேட்டேன்.

"என் ஆளுங்கள்ல எவனாவது பயந்து அறுத்திருப்பான் பாய். எவன்னு நான் கேக்கல. டிரைவர் நானு, என் தலையிலயே இருந்துட்டு போவட்டும்." பிறகு அவரே சொன்னார். "கயிறு லேசானது எனக்கு தெரிஞ்சிது. திருப்பலாம்னு கை வீலுக்கு போச்சு. திருப்பல. அதுக்கு இந்த தண்டன போதாது எனக்கு."

அடுத்த வாரம் கலியமூர்த்தியின் புதுப் போட்டில் வேலை. சிங்கம் என்று பெயர் வாங்கினதால் இன்னொரு முதலாளி கூப்பிட்டுக் கொடுத்த போட்டு அது. ஆட்களை டீ குடிக்க அனுப்பிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பாய், அந்த கயித்த அறுத்தது நானு."

கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன். அவர் சொன்னது இது. போட்டில் தண்ணீர் ஏறிவிட்டது. ஆட்கள் உள்ளே தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். கயிறு கட்டிய முன்முனையில் இவர் மட்டும் நின்றிருந்தார். ஒரு மின்னலில் பார்த்தால், இழுக்கிற போட்டின் பின்பக்கம் கடல் மட்டத்துக்கு அமுங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் போனால் அதில் இருந்த ஆறு பேரும் முழுகியிருப்பார்கள். அங்கே கத்தியோடு இருந்தவனுக்கு மனசு வரவில்லை. இவர் அறுத்துவிட்டார்.

"இத சொன்னா உனக்கு நல்ல பேருதானப்பா?" என்றேன்.

"எப்பிடி பாய் சொல்லுவேன்? எங்கூட அஞ்சு பேரு இருந்தாங்க. அவங்கள ஒரு வார்த்த கேக்காம வெட்டி உட்டுட்டேன். சேகர் இன்னும் கோலூனிதான் நடக்கறான். அவன் பொண்டாட்டி என்ன பாத்தா கையெடுத்து கும்புடுது பாய்."

ஏழுமலை சாவி கொடுக்கப் போவது தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்று தலையாட்டினார். கயிற்றைப் பற்றி அவர் சொன்னதை என் வாயால் ஊருக்குச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. நீதான் சொல்ல வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அசர் தொழுகையில் இரண்டு பேருக்கும் துஆ கேட்டேன். யாருக்கு எதைக் கேட்பது என்றுதான் விளங்கவில்லை.

பிறகு ஏழுமலையின் போட்டுக்குப் போய் அந்தக் கயிற்றை விரித்துப் பார்த்தேன். முழு நீளமும் அப்படியே இருந்தது. அவருடைய போட்டில் அறுத்திருந்தால் ஒரு துண்டுதானே மிஞ்சும்? எல்லோரும் முனையைப் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். நீளத்தை ஒருவரும் பார்க்கவில்லை. இழுபடுகிறவன் அறுப்பான் என்பது எங்கள் யார் புத்திக்கும் எட்டவில்லை.

3. ஆள் ஏறிய நாள்

தடை முடிந்தது. கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, அந்தந்தப் போட்டில் ஆட்கள் பையோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். ஏழுமலையின் போட்டில் அவர் மட்டும். முதலாளி வேறொரு டிரைவரைக் கூட்டிக்கொண்டு வந்து கரையில் நின்றார்.

கலியமூர்த்தி பையோடு வந்தார். தன் போட்டைத் தாண்டி நடந்து ஏழுமலையின் போட்டில் ஏறினார். டிரைவராக இருந்தவன் இன்னொரு டிரைவரிடம் ஆளாக ஏறுவது எங்கள் துறைமுகத்தில் நடக்காத காரியம்.

"சிங்கம் குகை மாறி போவுது டோய்" என்று யாரோ சிரித்தார்கள்.

அவர் திரும்பி நின்று, கயிற்றை அறுத்தது தான்தான் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். ஏன் அறுத்தார், ஏன் இத்தனை மாசம் வாயை மூடிக்கொண்டிருந்தார் என்பதையும் சொன்னார். சிரித்தவன் அடங்கிவிட்டான்.

ஏலக் கொட்டகைப் பக்கம் நின்ற சேகர் கோலை ஊன்றிக்கொண்டு போட்டருகே வந்தார்.

"கேட்டிருந்தா அறுன்னுதான்டா சொல்லியிருப்பேன். நீ கேக்கலியேடா."

சொல்லிவிட்டு வந்த வழியே போய்விட்டார்.

ஏழுமலை ஐஸ் பெட்டியைக் கலியமூர்த்தி பக்கம் தள்ளினார். பிறகு, "ஐஸ் ஏத்து, நேரமாவுது" என்றார். அவருடைய பழைய ஆட்களில் இரண்டு பேர் வந்து ஏறினார்கள். கொஞ்சம் பொறுத்து மற்றவர்களும் வந்தார்கள். முதலாளி சாவியைக் கேட்கவில்லை.

கயிற்றை அறுத்த கை ஆறு பேரைக் காப்பாற்றியது. அதே கை ஐந்து பேரைக் கடலில் விட்டது. பழியைச் சுமந்தவர்தான் வீலைத் திருப்பாதவரும். இவர்களில் யார் ஹீரோ, யார் வில்லன் என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. மனுஷரை எடை போடுவது படைத்தவன் வேலை. நான் கற்றுக்கொண்டது, ஒருத்தனைப் பற்றி யார் என்ன சொன்னாலும் கயிற்றை முழுசாக விரித்துப் பார்க்கிற வரைக்கும் வாயைத் திறக்காமல் இருப்பது.

இதை நீங்கள் யாருக்காவது சொல்வதானால் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். கலியமூர்த்தி அழுதார் என்று சேர்க்காதீர்கள், அவர் அழவில்லை. ஏழுமலை அவரைக் கட்டிப்பிடித்தார் என்று சொல்லாதீர்கள், ஐஸ்தான் ஏற்றச் சொன்னார். சேகர் மன்னித்துவிட்டார் என்றும் முடித்துவிடாதீர்கள். அதை அவர் இன்னும் சொல்லவில்லை.