எருமைப் பாலும் மயிலாத்தாளின் வாயும்

கிணத்துக்கடவு கொப்பரைக் களத்தில் மயிலாத்தாளின் வாய்க்குத் தப்பியவர் கிடையாது. லாரி டிரைவர், களத்துக்காரர், எல்லாருக்கும் அவள் வைத்த பட்டப்பெயர்தான் நிலைத்தது. புருஷன் நஞ்சப்பன் மெதுவாக நடப்பான். அவனுக்கு ‘ஆமை’.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் அந்த வாய் அடங்கிப்போனது. எலும்பெல்லாம் வலி, சொம்பு சொம்பாய்க் குடித்தும் தீராத தாகம், உட்கார்ந்த இடத்தில் காரணமில்லாத அழுகை. “புத்தி பிசகிப்போச்சு” என்றது ஊர். பண்ணாரி அம்மனுக்கு வேண்டிக்கொண்டு கயிறும் கட்டியாயிற்று. நஞ்சப்பனோ, எலும்புக்குப் பால்தான் என்று நாலு வெள்ளாட்டை விற்று ஓர் எருமையைப் பிடித்து வந்தான். மருந்துக்கடையில் கேட்டுக் கால்சியம் மாத்திரையும் வாங்கினான். கொடுத்ததையெல்லாம் அவள் பேசாமல் விழுங்கினாள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

“ஒருக்கா ஆமைன்னு திட்டு, மயிலு.”

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

ஒருநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். சிறுநீரகத்தில் கல். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதித்த டாக்டர் சாரா நிமிர்ந்து பார்த்தார்.

“ரத்தத்துல கால்சியம் எக்கச்சக்கமா இருக்குது. கழுத்துல பயறளவு சுரப்பி ஒண்ணு வீங்கிப்போயி, எலும்புல இருக்கறதை உருவிக் கொட்டுதுங்க. மனசு சோர்ந்ததும் அதுனாலதான். இவங்க புத்திக்கு ஒண்ணுமில்லை. மாத்திரை ஏதாவது தர்றீங்களா?”

நஞ்சப்பன் கூனிக் குறுகி, “தினம் ரெண்டுங்க” என்றான்.

“உடனே நிறுத்துங்க. ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம். குரல் நரம்பு பக்கத்துலயே ஓடுது, நூத்துல ஒருத்தருக்குக் குரல் கம்மிப்போகலாம்.”

“அவளுக்குக் குரல் போனா அப்புறம் என்னங்க இருக்குது?” என்றான் நஞ்சப்பன்.

மயிலாத்தாள்தான் கைநாட்டு வைக்கப் பெருவிரலை நீட்டினாள். “இப்ப இருக்கற குரலு எதுக்குங்க ஆகுது? அறுங்க.”

ஆபரேஷன் முடிந்த மறுநாள் கழுத்தில் கட்டோடு கிடந்தாள். வாய் திறக்கவில்லை. கட்டில் காலைப் பிடித்தபடியே நின்றான் நஞ்சப்பன். டாக்டர் வந்து சீட்டெழுதினார்.

“இழந்ததையெல்லாம் எலும்பு இனி வேகமா இழுத்துக்கும். ரத்தத்துல கால்சியம் கொறைஞ்சு உதடு மரத்தா உடனே சொல்லணும். கொஞ்ச நாளைக்குக் கால்சியம் மாத்திரை கண்டிப்பா வேணும். பாலும் தாராளமாக் குடுங்க.”

நஞ்சப்பன் துள்ளிவிட்டான். “நான் அப்பவே குடுத்தனுங்களே!”

“பாருங்க டாக்டரம்மா...” கட்டிலிலிருந்து குரல் வந்தது. கொஞ்சம் கரகரப்பு, ஆனால் வார்டு முழுக்கக் கேட்டது. “எங்கூட்டு ஆமைக்கு ரெக்கை மொளைச்சிருச்சு!”

பக்கத்துக் கட்டில்காரி வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நஞ்சப்பன் துண்டால் கண்ணைத் துடைத்தான்.

“நின்னுட்டே இருக்கறீங்களே, எருமைக்குத் தண்ணி காட்டறது யாராமா?”

அன்றைக்கு ஆமை பஸ் ஸ்டாண்டுக்கு ஓடியே போனது.